பயன் தெரியாத பொருள்கள்

அந்தப் பள்ளியில் ஒரு வேலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாவிட்டால் அது தையல் டீச்சரிடம் வந்து சேரும். ஆண்டு விழாத் திரைச்சீலை, முதலுதவிப் பெட்டி, பிள்ளைகள் தொலைத்த குடைகளும் டிபன் டப்பாக்களும் குவிந்து கிடக்கும் அலமாரி, கழிவறைச் சாவி எல்லாம் அப்படி வந்தவைதான். அவருக்கு வாரத்துக்கு ஆறே பீரியட். ஸ்டாஃப் மீட்டிங்கில் மற்றவர்கள் விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். தையல் டீச்சருக்கு அந்த வசதி கிடையாது. அவர் திருத்துவதெல்லாம் காஜாவும் பொத்தானும். அவற்றின் பின்னால் ஒளிய முடியாது.

எனவே கல்வித் துறையிலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்த நாளில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. பள்ளி நூலகங்கள் இனி இணையப் படக்காப்பகங்களையும் அருங்காட்சியகங்களின் படத்தொகுப்புகளையும் பயன்படுத்தியாக வேண்டும், அதற்கென ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை வாசித்து முடித்தார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தையல் டீச்சர் குண்டூசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்குப் படம்னா பிடிக்கும்ல?"

"எந்தப் படம் மேடம்?"

"பிடிக்கும்னு எழுதிக்கிறேன்."

ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடந்த கூடத்தில் இணைய இணைப்பு வேலை செய்யவில்லை. பயிற்சியாளர் அசரவில்லை. இணையதளத்தின் பக்கங்களைப் பெரிய அட்டைகளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். "இந்த இடத்துல கிளிக் பண்ணா அடுத்த பக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பினார். மாலையில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். 'எண்ணிம மரபுவள ஒருங்கிணைப்பாளர்' என்று அதில் பொன் எழுத்தில் போட்டிருந்தது. தையல் டீச்சரின் கணவர் குழாய் மெக்கானிக். வீட்டில் அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதுல எந்த வார்த்தை உன்னைக் குறிக்குது?"

"கடைசியா இருக்கிற தேதி" என்றார் தையல் டீச்சர்.

நூலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த நீள அறை. பாதி அறையில் புத்தகம், மீதியில் கால்பந்து. சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருந்தது, ஏனென்றால் பந்துகளை யாராவது திருடுவார்கள், புத்தகங்களைத் திருட மாட்டார்கள். மூலையில் மூன்று கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு உறை தைத்துப் போட்டதும் தையல் டீச்சர்தான். ஆக அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் முன்பே ஒரு தொடர்பு இருந்தது என்று தலைமையாசிரியை பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

மாதம்தோறும் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஒரே ஒரு கட்டம்: பார்க்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை. எந்தப் படம், யார் பார்த்தார்கள், பார்த்து என்ன தெரிந்துகொண்டார்கள் என்றெல்லாம் கேட்டுத் துறை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. முதல் மாதம் பதினொன்று என்று தையல் டீச்சர் உண்மையை எழுதினார். பக்கத்துப் பள்ளி நாலாயிரம் என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியைக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் சார்தான் வழி சொன்னார். "ஒரு சின்ன புரோகிராம் போட்டுட்டா அதுவே பக்கம் புரட்டும் டீச்சர். நாம டீ குடிக்கப் போகலாம்."

அது புரட்டியது. ராத்திரி பகல் பாராமல் புரட்டி, அடுத்த மாதக் கணக்கு ஆறு லட்சத்து இருபதாயிரம் ஆனது. ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இது எப்படி என்று துறை விளக்கம் கேட்டது. தலைமையாசிரியை 'அறிவுப் பசி' என்று பதில் எழுதினார். பசியை ஆறாயிரத்துக்குள் வைத்துக்கொள்ளும்படி துறையிலிருந்து ஒருவர் போனில் வாய்மொழியாகச் சொன்னார். கம்ப்யூட்டர் சார் புரோகிராமின் வேகத்தைக் குறைத்தார். இருபது விநாடிக்கு ஒரு படம், பள்ளி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டும்.

இப்படியாகத் தையல் டீச்சர் தினமும் அந்த ஒன்றரை மணி நேரமும், தானே பக்கம் புரட்டிக்கொள்ளும் ஒரு கம்ப்யூட்டருக்குக் காவலாக உட்கார வேண்டியதாயிற்று. சும்மா இருக்கப் பிடிக்காமல் பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருப்பார். எதிரே தலைநகரத்து அருங்காட்சியகத்தின் படத்தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். பானை, பானை, உடைந்த பானை, நாணயம், கிரீடம், மறுபடியும் பானை.

ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று அவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஏய், நில்லு!" என்றார்.

அது நிற்கவில்லை. இருபது விநாடி முடிந்ததும் வேறொரு பானைக்குப் போய்விட்டது. தையல் டீச்சர் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் சாரைக் கையோடு அழைத்து வந்தார். அவர் முனகிக்கொண்டே படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

உள்ளங்கை அளவு மெழுகுக் கட்டி. பழுப்பு நிறம். விளிம்பைச் சுற்றிலும் மெல்லிய கோடுகள். கீழே இருந்த குறிப்பை அவர் வாய்விட்டு வாசித்தார். "தேன்மெழுகுக் கட்டி. விளிம்பில் இருபத்தொன்பது கோடுகள். நிலவின் ஒரு சுற்றைக் கணக்கிட்ட நாட்காட்டி. சடங்குப் பொருள்." அதன் அடியில் இதே பொருளைப் பற்றி ஒரு முனைவர் எழுதிய நாற்பது பக்கக் கட்டுரைக்கு வழி காட்டியிருந்தது.

தையல் டீச்சர் தன் பெட்டியைத் திறந்தார். கத்தரிக்கும் சுண்ணக்கட்டிக்கும் நடுவிலிருந்து தன்னுடைய மெழுகை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே பழுப்பு, அதே கோடுகள். நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதை மெழுகில் இழுத்துவிட்டுத்தான் தைப்பார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தடம் விழும். தன்னுடையதை எண்ணினார். முப்பத்தொன்று. இது ஜனவரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"சார், இதைத் தப்பா எழுதியிருக்காங்க."

"முனைவர் எழுதினது டீச்சர்."

"முனைவர் பொத்தான் தைச்சிருக்காரா?"

படத்துக்குக் கீழே கருத்துச் சொல்ல ஒரு பெட்டி இருந்தது. தையல் டீச்சர் அதில் ஒரு விரலால் தட்டினார்: 'ஐயா, இது நூலுக்கு மெழுகு போடும் கட்டி. நூல் இழுத்த தடம்தான் கோடு. கையால் தைக்கிற எல்லார் வீட்டிலும் இருக்கும்.' அனுப்புவதற்கு முன், நீங்கள் யார் என்று கேட்டது. பேராசிரியர், ஆய்வாளர், அருங்காட்சியகப் பணியாளர், மற்றவை. அவர் 'மற்றவை'யைத் தொட்டார்.

பத்து நாள் கழித்துச் சான்று அனுப்பும்படி ஒரு வரி பதில் வந்தது. இதில் என்ன கஷ்டம் என்று தையல் டீச்சர் தன் மெழுகை வெள்ளைத் துணியில் வைத்து, அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் இஞ்ச் டேப்பையும் நீட்டிப் போட்டுப் படமெடுத்து அனுப்பினார். அந்த இஞ்ச் டேப்தான் வினையானது. அளவுகோலோடு படமெடுக்கிறவர்கள் அகழ்வாராய்ச்சிக்காரர்கள் மட்டும்தான் என்று தலைநகரத்தில் ஓர் எண்ணம் இருந்தது.

அடுத்த வாரம் தலைமையாசிரியையின் பெயருக்கே கடிதம் வந்தது. முத்திரை குத்திய, தடித்த காகிதம். தங்கள் பள்ளி நூலகம் முப்பத்தொரு கோடுகள் கொண்ட இரண்டாவது நாட்காட்டியைப் பாதுகாத்து வருவதை அறிந்து முனைவர் பெருமகிழ்ச்சி அடைந்திருந்தார். நிலவுக் கணக்கிலிருந்து சூரியக் கணக்குக்கு மக்கள் மாறிய காலத்தை இது காட்டக்கூடும் என்று எழுதியிருந்தார். காணொளி வழியே பொருளைப் பார்வையிட நாள் குறிக்கும்படி கேட்டிருந்தார்.

தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல்.

"ஏன் டீச்சர், இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மேடம், அது மெழுகு. போன வருஷம் தையல் சாமான் கடையில வாங்கினேன்."

"கடைக்காரனுக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததைப் பத்திப் பேசாதீங்க."

ஒரே நாளில் விளையாட்டுக் கோப்பைகள் கண்ணாடி அலமாரியிலிருந்து வெளியேற்றப்பட்டன. விளையாட்டு ஆசிரியர் அவற்றைப் பந்துச் சாக்கில் போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் திரிந்தார். அலமாரியின் நடுத்தட்டில் நீல வெல்வெட் விரித்து மெழுகை வைத்துப் பூட்டினார்கள். வியாழக்கிழமை தையல் வகுப்புக்கு மெழுகு வேண்டுமென்று தையல் டீச்சர் கேட்டபோது, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அலுவலக உதவியாளர் பக்கத்தில் நிற்க, இரண்டு முழம் நூலுக்கு மட்டும், அதுவும் பழைய தடத்திலேயே பூசிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மூன்று தடவை தலைமையாசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர், "உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

காணொளி நாளன்று நூலகத்தில் நிற்க இடமில்லை. மாவட்டக் கல்வி அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் முனைவர் தோன்றினார். மெலிந்த மனிதர், இனிய குரல், பின்னால் கூரைவரை புத்தகம். அரை மணி நேரம் நிலவைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். நடுவில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒருத்தி கொட்டாவி விட்டதற்காக வெளியே அனுப்பப்பட்டாள். கடைசியில் பொருளைக் காட்டச் சொன்னார், கையுறை போட்டுக்கொண்டு. முதலுதவிப் பெட்டி தையல் டீச்சரின் பொறுப்பாயிற்றே, அதிலிருந்து ரப்பர் உறையை எடுத்து மாட்டிக்கொண்டு மெழுகைத் தூக்கிப் பிடித்தார்.

முனைவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அற்புதம். இதை இனிமேலும் பொதுமக்கள் கையில விட்டு வைக்கக் கூடாது. அடுத்த வாரமே ஆள் அனுப்பி எடுத்துக்கிறோம்."

அதுவரை தையல் டீச்சர் பேசுவதாக இல்லை. யார் எதை நாட்காட்டி என்று சொன்னால் தனக்கென்ன என்றுதான் இருந்தார். ஆனால் எடுத்துக்கொண்டு போவதா? நல்ல மெழுகு அது. கையில் ஒட்டாது, உதிராது. அந்தக் கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் பாதி மெழுகுவத்தி.

"சார், ஒரு நிமிஷம்" என்றார். உறையைக் கழற்றினார். ஊசியை எடுத்து நூல் கோர்த்தார். அதை மெழுகின் விளிம்பில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கிர்ர் என்று மெல்லிய சத்தம் கேட்டது. முப்பத்திரண்டாவது கோடு விழுந்தது. கல்வி அதிகாரியின் கோட்டில் நடுப்பொத்தான் ஒற்றை இழையில் ஊசலாடிக்கொண்டிருப்பதை அவர் வந்ததிலிருந்தே தையல் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று சொல்லி, நின்ற நிலையில் அதை நாலு குத்துக் குத்தி, சுற்றி இறுக்கி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அதிகாரி பொத்தானை இழுத்துப் பார்த்தார்.

"கெட்டியா இருக்கே" என்றார்.

"இதுக்குத்தான் சார் அது" என்று தையல் டீச்சர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

தலைமையாசிரியை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். முனைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! அர்த்தம் மறந்துபோச்சு, ஆனா சடங்கு நிக்கலை. ஒவ்வொரு தடவை நூலை இழுக்கும்போதும் இந்த அம்மா தன்னை அறியாமலே ஒரு நாளைக் குறிக்கிறாங்க!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. கையில் மெழுகு வைத்திருந்தவர் தையல் டீச்சர், பூசி மெழுகியவர் முனைவர். ஆனால் ஒரு நன்மை நடந்தது. உயிரோடு இருக்கும் சடங்கை இடம் மாற்றக் கூடாது என்று முனைவரே சொல்லிவிட்டதால் மெழுகு தப்பியது. அருங்காட்சியகக் குறிப்பில் ஒரு வரி கூடியது: 'பிற்காலத்தில் தையலுக்கும் பயன்பட்டதாக ஒரு பயனாளர் தெரிவிக்கிறார்.'

அன்று வீட்டுக்குப் போன தையல் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "விடு, உனக்கென்ன நஷ்டம்" என்றார் கணவர். நஷ்டம் ஒன்றுமில்லைதான். நான் தைத்துக் காட்டிய பிறகும் நான் என்ன செய்தேன் என்று அந்த ஆள் எனக்கே சொல்லிக் கொடுக்கிறானே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போனில் அழைத்தார். அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில், அடித்தளத்தில் உட்கார்ந்து கிழிந்த பழந்துணிகளுக்குத் தையல் போடுகிறவர்.

"அக்கா, நீங்க தைச்சதை நான் பார்த்தேன். பதினோரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், அது மெழுகுன்னு. என் டிராயர்லயும் ஒண்ணு கிடக்கு. யாரும் கீழே இறங்கி வந்து கேக்கலை."

"மேலே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"போனேன். லிஃப்ட் ஆய்வாளர்களுக்கு மட்டும்னாங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் ஒரு ரகசியம் சொன்னார். தொகுப்பில் 'பயன் தெரியவில்லை' என்றோ 'சடங்குப் பொருள்' என்றோ போட்டு மூடிவைத்த படங்கள் நானூற்றுக்கு மேல் இருந்தன. 'மற்றவை' என்று எழுதினால் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கிலிருந்து மூன்று பேர் ஒன்றுபோல எழுதினால், அது தானாகவே குறிப்பில் ஏறிவிடும். முனைவரைக் கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒரு வசதி செய்து வைத்திருப்பதை அதைச் செய்தவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

மறுநாள் தையல் டீச்சர் கம்ப்யூட்டர் சாரிடம் சொல்லி, பக்கம் புரட்டும் புரோகிராமை நிறுத்தினார். பள்ளிச் சமையலறையிலிருந்து சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சுட்ட மண்ணில் செய்த வட்டமான வில்லை ஒன்றின் படம். 'இசைக்கருவியின் பாகம்' என்று போட்டிருந்தது.

சமையல்கார அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பால் சட்டிக்குள்ள, அடியில போடுறது. பொங்கி வழியாது. கொதி வந்தா டொக்கு டொக்குன்னு ஆடும்."

"சத்தம் வருமா?"

"வரும்."

"அப்ப அவங்க சொன்னதும் ஒரு வழியில சரிதான்" என்று எழுதிக்கொண்டார் தையல் டீச்சர்.

புதன்கிழமை மதியங்களில் நூலகம் களைகட்டத் தொடங்கியது. பிள்ளைகள் வந்தார்கள், வீட்டிலிருந்து ஆட்களையும் கூட்டிவந்தார்கள். செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவர் என்று ஒவ்வொருவராக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களின் முன்னால் உட்கார்ந்தார்கள். 'கை அணிகலனாக இருக்கலாம்' என்றிருந்த ஒன்றரை அடிக் கம்பிச் சுருளைப் பார்த்ததும் குழாய் மெக்கானிக் மேசையைத் தட்டினார். அது குழாயை நசுங்காமல் வளைக்க உள்ளே விடும் ஸ்பிரிங். "இதைக் கையில மாட்டினா கை வளையாது, ஒடியும்" என்றார். ஓர் இரும்புக் கொக்கிக்காக அவருக்கும் சமையல்கார அம்மாவுக்கும் இரண்டு புதன்கிழமைகள் வாக்குவாதம் நடந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கி என்றார் மெக்கானிக். அடுப்புக்கு மேலே சட்டி தொங்கவிடுவது என்றார் அந்த அம்மா. தலைநகரத்துத் துணிப் பிரிவிலிருந்து போனில் தீர்ப்பு வந்தது. கொக்கியில் கரி பிடித்திருந்ததாம். சமையல்கார அம்மா அன்று எல்லாருக்கும் இரண்டு கரண்டி கூடுதலாகப் பரிமாறினார்.

ஒரு பருவத்தில் முப்பத்தேழு குறிப்புகள் மாறின. விளையாட்டு ஆசிரியர்கூடப் பேசத் தொடங்கியிருந்தார்.

இதற்கு நடுவில், புரோகிராமை நிறுத்திய முதல் மாதத்தின் அறிக்கை போனது. பார்க்கப்பட்ட படங்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு படத்துக்கு முன்னால் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டால் அவ்வளவுதான் வரும். தலைமையாசிரியை காகிதத்தை ஆட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஆறாயிரத்துலேருந்து இருநூறா? பள்ளிக்கூடமே தூங்கிடுச்சா டீச்சர்?"

துறை அதற்கென்று ஒரு படிவம் அனுப்பியிருந்தது. 'பயன்பாடு குறைந்ததற்கான காரணம்' என்ற கட்டத்தில் தையல் டீச்சர் யோசித்து எழுதினார்: 'படங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.' தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்து, பேனாவால் அடித்துவிட்டு, 'இணைய வேகம் குறைவு' என்று மாற்றி எழுதிக் கையெழுத்திட்டார். துறை ஏற்றுக்கொண்டது. ஒரே மாதத்தில் வேகமான புது இணைப்பும் கொடுத்தது. அதன் பிறகு படங்களைப் பெரிதாக்கினால் சொரசொரப்புவரை தெரிந்தது. தலைமையாசிரியை தன் சாதனைப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டார். ஒரு புதன்கிழமை யாரும் பார்க்காத நேரம் வந்து, கண்ணாடித் தகடு ஒன்றைப் பார்த்து, "இது எங்க அப்பாவோட கடிகாரக் கடையில இருந்துச்சு" என்று சொல்லிவிட்டும் போனார். தையல் டீச்சர் அதையும் ஏற்றினார். மூன்றாவது கையெழுத்து தலைமையாசிரியையுடையது.

போன வாரம் துணிப் பிரிவிலிருந்து அடுத்த பட்டியல் வந்தது. முதல் படத்தில் பெருவிரல் நகம் அளவுக்கு, எலும்பில் செய்த வட்டப் பொருள் ஒன்று. முனைவர் அதைப் பற்றி மட்டும் துளிகூடச் சந்தேகமில்லாமல் எழுதியிருந்தார்: 'பொத்தான்.'

தையல் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கினார். திருப்பிப் பார்த்தார். துளை நடுவில் இல்லை, ஓரத்தில் சாய்வாகப் போயிருந்தது. அதில் நூல் உரசிய தேய்மானம் துளியும் இல்லை.

"என்ன டீச்சர் அது?" என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கேட்டார்கள்.

"தெரியலை" என்றார் அவர். "பொத்தான் இல்லை. செருப்புக்காரரை வரச் சொல்லுங்க."